சத்தமில்லாத ஒரு நிமிஷம்

கவுஞ்சி மலைக்கிராமத்தில் பூண்டு நட்டுக் களையெடுத்தே முப்பத்தெட்டு வயதை எட்டியவள் வேலுத்தாய். மூன்று வருஷமாகக் கொடைக்கானல் போகும் ரோட்டோரத்தில், காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்க ஓர் அறக்கட்டளை நடத்தும் மையத்தில் சமையல் வேலை. பிள்ளைகள் பதினொரு பேர். அவர்களோடு பழகிப் பழகி அவளுக்கும் சைகை வந்துவிட்டது. சில நாள் கனவில்கூட ஆட்கள் கையால்தான் பேசினார்கள். விழித்த பிறகும் அந்த அமைதி கொஞ்ச நேரம் காதுக்குள் தங்கியிருக்கும்.

மையத்தில் இடம் இருந்தது, பிள்ளைகள்தாம் வரவில்லை. இப்படி ஓர் இடம் இருப்பதே பலருக்குத் தெரியாது. அதனால் மையத்தைக் கவனித்துக்கொள்ளும் தேவசேனா டீச்சர், டவுனில் இருந்து ஆளை வரவழைத்து ஒரு வீடியோ எடுத்தார். சோகமான வயலின், கனத்த குரல், மெதுவாக நகரும் முகங்கள். பார்த்தவர்கள் 'பாவம்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஒருவரும் பிள்ளையைக் கூட்டி வரவில்லை.

பிள்ளைகளுக்கும் அதைப் போட்டுக் காட்டினார்கள். அரை நிமிஷத்தில் பத்து வயது ஸ்வேதா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். 'எங்களைப் பத்தின படம், எங்களுக்கே ஒண்ணும் புரியல' என்று கையால் சொன்னாள். வேலுத்தாய்க்குச் சுருக்கென்றது.

மறுநாள் மத்தியானம் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. முதலில் பூண்டு வயல்கள் மறைந்தன, பிறகு தைல மரங்கள், பிறகு வாசல் கேட். முற்றத்துக்கு ஓடிய பிள்ளைகள் வெள்ளைக்குள் பாதி கரைந்து நின்றார்கள். கைகள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. ஸ்வேதா கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மேகம் ஒரு பெரிய மாடு. மலையை நக்கி நக்கித் தின்கிறது. டீச்சரின் ஸ்கூட்டரையும் தின்றுவிட்டு, வயிறு நிறைந்து படுத்துவிட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலுத்தாய் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள். ஒரு நிமிஷம் விடாமல் வீடியோ எடுத்தாள்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இதப் போடுவமா?"

தேவசேனா இரண்டு முறை பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. பின்னால ஏதாவது மியூசிக் சேக்கணுமே?"

"சத்தமே வேணாங்க. நம்ம புள்ளைக பாக்குற மாதிரியே எல்லாரும் பாக்கட்டும். அவ சொல்ற கதைய மட்டும் கீழ எழுத்துல போட்டு விடுங்க."

பெற்றவர்களிடம் போனில் சம்மதம் கேட்டார்கள். ஸ்வேதாவிடமும் கேட்டார்கள். வீடியோ வாட்ஸ்அப்பில் ஏறி மலையிறங்கிப் போனது.

ஒன்பதாம் நாள், சாரலுக்குள் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து ஒரு பெண், ஏழு வயது மகளைத் துண்டால் போர்த்திக்கொண்டு இறங்கினாள். கன்னிவாடிக்காரி, பேர் கந்தம்மாள்.

"மாட்டுக் கதை சொன்ன புள்ள இங்கதான் இருக்குதாங்க?" என்று வேலுத்தாயிடம் கேட்டாள். "எந்தங்கச்சி போன்ல அனுப்பிவிட்டா. எம்மக லாவண்யா அத விடாமப் பாத்தா. காது கேக்காத புள்ள, இவளுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னுல்ல நெனச்சிருந்தேன்! முந்தாநாத்து சோத்துப் பானையில ஆவி வரவும், அந்தப் புள்ள மேகத்துக்குக் காட்டுன மாதிரியே கையக் காட்டுறா. அடுப்ப அப்படியே போட்டுட்டு உக்காந்துட்டேங்க."

லாவண்யா அன்று முழுக்க அம்மாவின் சேலையை விடவில்லை. சாயங்காலம்தான் ஸ்வேதாவோடு முற்றத்துக்குப் போனாள். சாரல் நின்று, மரங்கள் தூக்கத்தில் நிற்பது போல நின்றன. ஸ்வேதாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்த லாவண்யா, கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே கந்தம்மாளைப் பார்த்து, மூக்கின் ஓரத்தில் ஒரு விரலை வைத்தாள். மறுபடியும் வைத்தாள்.

"மூக்கு அரிக்குதோ என்னவோ," என்று கந்தம்மாள் எழுந்தாள்.

"இல்லக்கா. மூக்குத்தி போடுற எடம் அது. அம்மான்னு அர்த்தம்," என்றாள் வேலுத்தாய். "ஒங்களத்தான் கூப்புடுறா."