பதில் வராவிட்டால் சிவப்பு

என் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிட்டால் போச்சு, பக்கத்து வீட்டுக்காரர் பழுதான பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அதனால், "ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவுல நின்னு பேசி முடிச்சு வைக்கிறவர்" என்பேன். அது பொய்யும் இல்லை. ஒரு நிறுவனத்தின் மென்பொருள் இன்னொரு நிறுவனத்தின் மென்பொருளிடம் ஏதாவது கேட்கப் போனால் இரண்டுக்கும் பாஷை ஒத்துப்போகாது. நடுவில் ஒரு சர்வரை வைத்து, இந்தப் பக்கக் கேள்வியை அந்தப் பக்கத்துக்குப் புரிகிற மாதிரியும், அந்தப் பக்கப் பதிலை இந்தப் பக்கத்துக்குப் புரிகிற மாதிரியும் மாற்றிக் கொடுக்க வேண்டும். கேட்டவன் பதில் கிடைக்கும்வரை நகராமல் அப்படியே நிற்பான். அந்த மாதிரி இணைப்புகளை அமைப்பதுதான் அவருடைய பிழைப்பு. நான் அடுக்களையிலிருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் ஒரு "ம்" வராது. அப்படிப்பட்ட மனிதர்தான், உலகத்து இயந்திரங்களெல்லாம் கேட்டவுடன் பதில் சொல்ல ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

ஆபீஸில் அவருக்கு நிதானம் என்று பட்டப்பெயர். எதையும் திரும்பத் திரும்பப் பார்க்காமல் முடிந்தது என்று சொல்ல வாய் வராது. அவருடைய மேலாளருக்குப் பெயர் வைத்தவள் நான். போனை எடுத்தால் நல்லா இருக்கீங்களா என்று ஒரு வார்த்தை கிடையாது, நேராக "ஆச்சா?" தான். அதனால் எங்கள் வீட்டில் அந்த ஆளுக்கு ஆச்சா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எனக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது இவர் அங்கே ஒப்பந்த ஊழியர். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிரந்தர ஊழியர்களின் குடும்பத்துக்குத்தான் கம்பெனியின் மருத்துவக் காப்பீடு. இவர் நிரந்தரமானால் எனக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இடம் உண்டு. இல்லையென்றால் பொது ஆஸ்பத்திரி வரிசைதான், மெஷின் காலியாகும்வரை உடம்பு தாங்க வேண்டும். என் உடம்பு தாங்காது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அந்தச் சமயம் பார்த்து ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வேலை இவர் தலையில் விழுந்தது. இவர்கள் கம்பெனிக்குக் காப்பீடு கொடுப்பதும் அவர்களேதான். ஆஸ்பத்திரி கவுண்ட்டரில் நோயாளியின் எண்ணைத் தட்டினால், கேள்வி காப்பீட்டு நிறுவனத்தின் சர்வருக்குப் போய், காப்பீடு உண்டு என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு என்று ஸ்கிரீனில் வர வேண்டும். சிக்கல் என்னவென்றால் அவர்களுடைய சர்வர் பழசு. கூட்டமான நேரத்தில் அது விழி பிதுங்கி நிற்கும். கவுண்ட்டர் ஸ்கிரீன் எவ்வளவு நேரம்தான் காத்திருக்கும்? அதற்கு ஒரு கெடு வைக்க வேண்டும். கெடு தாண்டியும் பதில் வராவிட்டால் ஸ்கிரீன் எதைக் காட்டுவது என்பதையும் இவர்தான் அமைக்க வேண்டும். இவர் மஞ்சள் வைத்தார். பதில் வரவில்லை, மறுபடி கேளுங்கள் என்று அர்த்தம்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆச்சாவின் போன் வந்தது. கை எச்சிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"மஞ்சள் எல்லாம் வேணாம்னு கிளையண்ட் சொல்லிட்டாங்க. மஞ்சள் வந்தா எல்லாரும் அவங்களுக்கே போன் பண்ணிக் கழுத்தறுப்பாங்களாம். பதில் வரலைன்னா சிவப்பு காட்டுங்க, அவ்ளோதான்."

"சார், அது பொய் சார். காப்பீடு இருக்கிறவங்களையே இல்லைன்னு திருப்பி அனுப்பும்."

"அனுப்பினா அனுப்பட்டும். உங்களைப் பர்மனென்ட் பண்ற விஷயம் என் கையிலதான் இருக்கு. நாளைக்குள்ள சிவப்பை வச்சீங்கன்னா நானும் அதை முடிச்சுடறேன். ஆச்சா?"

அவர் என் கையைப் பார்த்தார். ஊசி ஏற்றி ஏற்றி முண்டும் முடிச்சுமாகிப்போன கை. "ஆயிடும் சார்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வேறு எப்படி இருக்கும்? உயிர் மேல் ஆசை எனக்கும் உண்டு.

ஆச்சா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இவர் நிரந்தரமானார், நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தேன். இவரும் லீவு போட்டுக்கொண்டு கூட வருவார். வந்தவர் பேப்பர் படித்தோமா, தூங்கினோமா என்று இருக்க வேண்டியதுதானே? கவுண்ட்டருக்கு எதிரே உட்கார்ந்து அந்த ஸ்கிரீனையே முறைத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கால் வீங்கிப்போன லாரி ஓட்டுநர் ஒருவருக்குச் சிவப்பு விழுந்தது. கவுண்ட்டர் பெண், "உங்களுக்கு இல்லீங்க, காட்டலை" என்றாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் நொண்டிக்கொண்டே வாசலுக்குத் திரும்பினார்.

இவர் எழுந்து போய், "இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கம்மா" என்றார். அவள் கேட்டாள். பச்சை வந்தது.

"உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

"நிஜமாவே இல்லைன்னா சிவப்பு சட்டுன்னு வந்துடும். இது இழுத்து இழுத்து வந்துச்சு. இது நான் வச்ச சிவப்பு."

ஓட்டுநர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதற்குப் பிறகு நான் உள்ளே மெஷினில் கிடப்பேன், இவர் வெளியே யாருக்குச் சிவப்பு இழுத்து வருகிறது என்று காவல் காப்பார். அந்தப் பெண்ணும் கற்றுக்கொண்டாள். சிவப்பு வந்தாலே தானாகவே மறுபடி கேட்பாள். எத்தனையோ பேர் அப்படி உள்ளே போனார்கள். "உங்களுக்கு எதுக்குங்க ஊர் வம்பு?" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஊர் வம்பு எங்க இருக்கு? நான் பண்ணி வச்ச வம்புதானே" என்றார்.

ஒருநாள் காப்பீட்டு நிறுவனத்து அதிகாரிகள் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வந்தார்கள். கவுண்ட்டர் வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்திருக்கிறார்கள். அந்தப் பெண் வாய் நிறையப் பாராட்டியிருக்கிறாள். "இதைச் செஞ்ச சாரே இங்க வர்றாரு சார். பதில் வரலைன்னாலும் சிவப்பு காட்டும், திரும்பக் கேளுங்கன்னு அவர்தான் சொல்லிக்கொடுத்தாரு" என்று. அவள் நல்லவள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது, திட்டக்கூட ஆளில்லாமல் போய்விட்டது.

மறுநாள் ஆச்சா இவரைக் கூப்பிட்டு, கிளையண்ட்டின் ரகசியத்தை வெளியே சொன்ன குற்றத்துக்காக வேலையை விட்டு நிறுத்தினார். அடையாள அட்டையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "இந்த மாசம் முடியற வரைக்கும் காப்பீடு ஓடும், வீட்ல பயப்படாம இருக்கச் சொல்லுங்க" என்று ஆறுதல் வேறு. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் அடுத்த டயாலிசிஸுக்குக் கிளம்பினோம். அன்றைக்கு எனக்கு முகமெல்லாம் வீங்கியிருந்தது. படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது.

"வாங்கக்கா" என்று சிரித்தபடி அந்தப் பெண் என் எண்ணைத் தட்டினாள். சிவப்பு வந்தது.

"பாத்தீங்களா, உங்களுக்கே வேலையைக் காட்டுது" என்று இவரிடம் சொல்லிவிட்டு மறுபடி தட்டினாள். மறுபடியும் சிவப்பு. பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இவரால் பச்சை கிடைத்த ஓர் அம்மாள், "விடாம கேளும்மா, சார் சொன்னா வரும்" என்று குரல் கொடுத்தார்.

இவர் கவுண்ட்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க?" என்றேன்.

"சட்டுன்னு வருது" என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம், "போதும்மா. விட்டுடு" என்றார்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அந்த ஆச்சா நாசமாய்ப் போக என்று வாய்விட்டே சொன்னேன். இவரையும் விடவில்லை, பிழைக்கத் தெரியாத மனுஷா என்று அத்தனை பேர் முன்னாலும் திட்டினேன், அழுதுகொண்டே.

அந்தப் பெண்ணுக்கு மட்டும் புரியவில்லை. "அழாதீங்கக்கா. திரும்பக் கேட்டா வரும்னு சார்தானே சொல்லிக்கொடுத்தாரு" என்று மறுபடியும் தட்டினாள். அவள் விரலை எடுக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர், கொஞ்சம் நகர்ந்துகொள்ள முடியுமா என்று கேட்டார்.