டீசல் மாட்ட விடவில்லை

என் கணவரின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியபோது கப்பலில் ஒரு காரையும் கொண்டுவந்தார். பத்து வருடம் ஓடிய ஜப்பான் கார், வெள்ளி நிறம். உடுமலைப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் பின்னால் தேங்காய் உலர்த்தும் களத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டு அதில் நிறுத்தினார். முதலில் ஊரே வந்து பார்த்தது. அது ஓடிய லட்சணத்தைக் கண்டபிறகு சிரிக்கத் தொடங்கியது.

அந்தக் காரில் கார்புரேட்டர் கிடையாது. எவ்வளவு பெட்ரோல் பீச்ச வேண்டும், எந்தக் கணத்தில் பொறி விழ வேண்டும் என்பதையெல்லாம் டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த ஓர் அலுமினியப் பெட்டி முடிவு செய்தது. அதுதான் இன்ஜின் கம்ப்யூட்டர். சமதளத்தில் கார் நன்றாகவே போகும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினால் இன்ஜினுக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் வரும். மெக்கானிக்குகள் அதை நாக்கிங் என்பார்கள். அப்புறம் சூட்டு முள் சிவப்புக்கு ஏறும். வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதான்.

தொண்ணூற்றெட்டாம் வருடப் பொங்கலுக்கு எல்லோரும் உடுமலையில் கூடியிருந்தோம். ஆண்கள் பந்தியில் உட்கார்ந்திருக்க, நான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"அந்த இன்ஜினைக் கழட்டி எறிஞ்சுபோட்டு டீசல் இன்ஜின் மாட்டிப்போடலாம்னு இருக்கறேன்" என்றார் கணவரின் அண்ணன். "பொள்ளாச்சியில ஒருத்தரு பழைய வேன் இன்ஜின் வெச்சிருக்கறாராம்."

வெளிநாட்டுக் கார்களுக்கு அப்போது எங்கள் பக்கம் நடந்த வைத்தியமே அதுதான். எனக்குக் கை நின்றுவிட்டது.

"இன்ஜின்ல ஒரு கோளாறும் இல்லீங்க மாமா. அந்தப் பெட்டிக்குள்ள இருக்கற கணக்கு சிங்கப்பூர்ப் பெட்ரோலுக்கு எழுதினது. நம்மூர்ப் பெட்ரோல் அதைத் தாங்கறதில்லை. கணக்கை மாத்தினாப் போதுமுங்க."

அவர் என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்துச் சொன்னார். "உன்ற ஊட்டுக்காரி மில்லுக்கு மீட்டர் செய்யறவ. காரையும் மீட்டர்னு நெனச்சுக்கிட்டா போல இருக்குது."

பந்தி சிரித்தது. என் கணவர் சிரிக்கவில்லை. இலையில் இருந்த பொரியலையே பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பு வாளியைத் தரையில் வைத்தேன்.

"சித்திரை வரைக்கும் வண்டியை என்கிட்டக் குடுங்க மாமா. மேடு ஏத்திக் காட்டறேன். முடியலைன்னா டீசலோ மண்ணெண்ணெயோ, உங்க இஷ்டம்."

"பொம்பளை கார் ரிப்பேர் பண்ணறதை இந்த ஊட்டுல இதுவரைக்கும் பார்த்ததில்லை."

"இனிமே பாருங்க" என்றேன்.

நான் கோயமுத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் வேலை பார்த்தேன். நூற்பு இயந்திரங்களைக் கண்காணிக்கும் கருவிகள் செய்வோம். ஒவ்வொரு கருவியிலும் ஒரு சிப் இருக்கும். இயந்திரம் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும். சிப்பின் முதுகில் ஒரு சிறிய கண்ணாடிச் சன்னல். அதன்மேல் புற ஊதா ஒளியைக் காட்டினால் எழுதியது அழிந்துவிடும், புதிதாக எழுதலாம். தினமும் நான் செய்துவந்த வேலை அது. உடுமலையிலிருந்து கொண்டுவந்த காரின் பெட்டியைத் திறந்து பார்த்தபோது உள்ளே அதே மாதிரியான சிப்தான் இருந்தது. அதற்குமேல் எனக்கு என்ன பயம்.

ஆனால் இன்ஜினைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். நான் போன முதல் இரண்டு ஒர்க்‌ஷாப்பிலும் கணவர் வரவில்லையா என்றுதான் கேட்டார்கள். மூன்றாவதாகப் போனது உக்கடத்தில் ஒரு பாய் வைத்திருந்த ஒர்க்‌ஷாப். ஒரு காலத்தில் பந்தயக் கார்களுக்கு வேலை செய்தவர். அதை வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லுவார். கிரீஸுக்கு நடுவிலும் வெள்ளைச் சட்டைதான் போடுவார், அதில் ஒரு பொட்டுக் கறை இருக்காது. அவரும் முதலில் கார்புரேட்டர் மாட்டிவிடலாம் என்றுதான் சொன்னார். முடியாது என்றேன். கொஞ்ச நேரம் காரைச் சுற்றி வந்தார்.

"சரிங்க மேடம். பெட்டிக்கு நீங்க பொறுப்பு, இன்ஜினுக்கு நான் பொறுப்பு. உங்க தப்புக்கு என் இன்ஜின் உடைஞ்சா நான் கத்துவேன்."

"என் கணக்கு சரியா இருந்து உங்க வேலை தப்பா இருந்தா நானும் கத்துவேனுங்க பாய்."

அவருக்கு அது பிடித்திருந்தது.

சிப்பில் இருந்ததை எங்கள் கம்பெனி இயந்திரத்தில் படித்துப் பிரிண்ட் எடுத்தேன். நீளமான காகிதத்தில் ஆயிரக்கணக்கான எண்கள். பெரும்பாலானவை எனக்குப் புரியாத கட்டளைகள். ஆனால் ஓரிடத்தில் எண்கள் வரிவரியாக, படி ஏறுவது போல மெல்ல உயர்ந்துகொண்டே போயின. வேகத்துக்கும் சுமைக்கும் தக்கபடி பொறி எப்போது விழ வேண்டும் என்ற அட்டவணை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பொறி சற்றுத் தாமதமாக விழும்படி அவற்றைக் கொஞ்சம் குறைத்து, புது சிப்பில் எழுதி மாட்டினேன். கார் ஸ்டார்ட் ஆகவே இல்லை. பாய் சொன்னபடி கத்தினார்.

சில நாள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. அந்தக் கம்ப்யூட்டர் சாவி போட்டதும் எல்லா எண்களையும் கூட்டிப் பார்க்கிறது. கூட்டுத்தொகை பழையபடி வராவிட்டால் சிப் கெட்டுப்போனதென்று வேலையை நிறுத்திவிடுகிறது. சிப்பின் கடைசியில் எதற்கும் பயன்படாத வெற்றிடம் இருந்தது. நான் குறைத்ததை அங்கே கூட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும். அதைக் கண்டுபிடித்த மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

புது சிப் தயாரானது. அதை மாட்டுவதற்குள் பிப்ரவரி வந்தது. ஊருக்குள் குண்டுகள் வெடித்தன. முஸ்லிம்கள் நிறைய இருக்கும் உக்கடம் பக்கம் போவதையே ஜனங்கள் விட்டார்கள். பாயின் ஒர்க்‌ஷாப்பில் நின்ற கார்களை உடையவர்கள் ஒவ்வொருவராக வந்து, வேலை பாதியில் இருந்தாலும், கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

உடுமலையிலிருந்து போன் வந்தது.

"அம்மிணி, வண்டியை அங்கிருந்து எடுத்துப்போடு. வேற பட்டறையே இல்லீயா கோயமுத்தூர்ல?"

"இருக்குதுங்க மாமா. அவங்க எல்லாரும் டீசல் மாட்டச் சொல்றாங்க."

"வெளையாடாதே. ஊரு கெடக்கற கெடையில நீ அங்க போறது நம்ம குடும்பத்துக்கு நல்லா இல்லை."

"வண்டியைச் சித்திரை வரைக்கும் குடுத்திருக்கறீங்க. நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்துவிட்டோமே என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை.

மறுநாள் உக்கடத்துக்கு முன்னாலேயே பஸ்ஸை நிறுத்திப் பைகளைச் சோதித்தார்கள். என் பையில் சிப்புகள், வயர், சின்னச் சின்ன சுவிட்சுகள், சாலிடரிங் அயர்ன். நாடு இருந்த நிலைமையில் இதைவிட மோசமான பை இருக்க முடியாது. போலீஸ்காரர் என்னை இறக்கி ஓரமாக நிற்கச் சொன்னார். அதிகாரி வந்தார்.

"என்னம்மா இதெல்லாம்?"

"கார் கம்ப்யூட்டருக்கு வேண்டியதுங்க சார். என் வண்டி இங்க ஒர்க்‌ஷாப்புல நிக்குது."

"இந்த நேரத்துல இங்கதான் வண்டி விடணுமா?"

"குண்டு வெடிக்கறதுக்கு முந்தியே விட்டதுங்க சார். வேலை முடியாம எப்படி எடுக்கறது?"

வெயிலில் வெகுநேரம் நிற்க வைத்து, கம்பெனி அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டு அனுப்பினார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் எங்கள் கார் ஒன்றுதான் நின்றது. பாய் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவரையும் விசாரணைக்குக் கூட்டிப்போய் அனுப்பியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. சட்டை அன்றும் வெள்ளையாகத்தான் இருந்தது.

"வண்டியை எடுத்துட்டுப் போயிருங்க மேடம்" என்றார். "உங்களுக்கு எதுக்குப் பொல்லாப்பு? நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"டைமிங் லைட்டை எடுங்க பாய்."

"நான் சொல்றது உங்களுக்கு..."

"கேட்டுதுங்க. லைட்டை எடுங்க."

அவர் எழுந்தார். சிப்பை மாட்டினேன், இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. டைமிங் லைட் என்பது பொறி விழும்போதெல்லாம் மின்னுகிற விளக்கு. அதைச் இன்ஜினின் முன்னால் சுழலும் புல்லிச் சக்கரத்தின்மேல் காட்டினால் அங்குள்ள கோடு நின்றாற்போலத் தெரியும். பாய் குனிந்து விளக்கைப் பிடித்தார். கோடு பழைய இடத்திலிருந்து விலகி, நான் எழுதியிருந்த அளவுக்குச் சரியாகத் தள்ளி நின்றது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இன்னொரு முறை குனிந்து பார்த்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் போனேன். எண்களை மாற்றுவதும், மதுக்கரை ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதும், திரும்ப மாற்றுவதுமாகப் பங்குனி போயிற்று. இன்ஜினில் ஒரு செம்புக் குழாயைத் திருகி, அதிலிருந்து ரப்பர் டியூபை இழுத்துக் காதில் செருகிக்கொண்டு பாய் நாக்கிங் கேட்பார். எனக்குக் கேட்காததெல்லாம் அவருக்குக் கேட்கும்.

கடைசியில் பழையதைவிட இருமடங்கு பெரிய சிப் ஒன்றை எடுத்தேன். ஒரு பாதியில் சிங்கப்பூர்க் கணக்கை ஓர் எண்கூட மாற்றாமல் எழுதினேன். மறுபாதியில் என்னுடையது. எந்தப் பாதியைப் படிப்பது என்பதைச் சிப்பின் ஒரே ஒரு கால்தான் தீர்மானிக்கும். அதிலிருந்து ஒரு வயர் இழுத்து டேஷ்போர்டுக்கு அடியில் சுவிட்ச் வைத்தேன். இன்ஜினை அணைத்துவிட்டு சுவிட்சைத் தட்டினால் கணக்கு மாறிவிடும். பழையதை எதற்கு வைக்க வேண்டும் என்று பாய் கேட்டார். தன் காரை நான் கெடுத்துவிட்டதாக நாளைக்கு ஒருத்தர் சொல்லக் கூடாது என்றேன்.

சித்திரையில் வால்பாறை மலைக்குப் போவதென்று முடிவானது. புறப்படும்போதுதான் கணவரின் அண்ணன் பாயைப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவரு எதுக்கு? செக்போஸ்ட்ல நிறுத்திக் கேப்பாங்க. நமக்குத் தேவையா?"

"அவரு வரலைன்னா நானும் வரலீங்க மாமா."

நான் மெதுவாகத்தான் சொன்னேன். இதுவரை வாயே திறக்காத என் கணவர் காரின் முன்கதவைத் திறந்து, "உக்காருங்க பாய்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

அண்ணன் ஓட்ட, பாய் டியூபைக் காதில் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார, நானும் கணவரும் பின்னால். டிக்கியில் இரண்டு மூட்டை தேங்காய், வேண்டுமென்றே. ஆழியாறு தாண்டி வளைவுகள் தொடங்கின. சுவிட்ச் பழைய கணக்கில் இருந்தது. சில வளைவுகளிலேயே ஆணிச் சத்தம் ஆரம்பித்து, முள் ஏறி, அணை கண்ணில் தெரிகிற ஒரு திருப்பத்தில் வண்டி ஆவி விட்டுக்கொண்டு நின்றது.

"சொன்னனல்லோ" என்றார் அவர், கிட்டத்தட்ட சந்தோஷமாக.

"இது உங்க சிங்கப்பூர்க் கணக்குங்க மாமா" என்றேன். "இன்ஜின் ஆறட்டும், என்னோடதைப் போடறேன்."

ஆறியதும் தண்ணீர் ஊற்றி, சுவிட்சைத் தட்டினேன். வண்டி கிளம்பியது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. எதிரில் வந்த எஸ்டேட் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று, செங்குத்தான மேட்டில் மறுபடி எடுத்தபோதும் திணறவில்லை. பாய் காதிலிருந்து டியூபை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கேக்கறதுக்கு ஒண்ணுமில்லை" என்றார்.

அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. வண்டியை நிறுத்தி, தானே சுவிட்சைப் பழையபடி மாற்றி ஓட்டினார். ஆணிச் சத்தம் வந்தது. நிறுத்தினார். மறுபடி மாற்றினார். சத்தம் போயிற்று. வால்பாறை வரைக்கும் அதன்பிறகு அவர் அதைத் தொடவில்லை.

பஜாரில் டீ குடித்தோம். அண்ணன் முதல் கிளாஸை வாங்கிப் பாயிடம் நீட்டினார். தம்பியிடம், "பொள்ளாச்சிக்காரங்கிட்ட வேன் இன்ஜின் வேண்டாம்னு சொல்லிப்போடு" என்றார். என்னிடம் ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்து நிற்கவில்லை.

வைகாசியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் வெள்ளிக் காரைச் சுற்றிக் கூட்டம். பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் கணவரின் அண்ணன் குரல் கேட்டது. "சிங்கப்பூர்ல சொல்லி ஒரு சிப் வரவழைச்சனுங்க. மாட்டினதும் மலை ஏறுது."

நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து போனேன்.

"அது சிங்கப்பூர்ல இருந்து வரலீங்க மாமா. நான் சிங்காநல்லூர்ல எழுதினது. உக்கடத்துல பாய் ஒர்க்‌ஷாப்புல மாட்டினோம். மறந்துபோட்டீங்க போல."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆமா, இவதான் பண்ணினா" என்றார் யாரையும் பார்க்காமல்.

கூட்டத்தில் இருந்த தாராபுரத்துக்காரர் ஒருவர் என் பின்னாலேயே வந்தார். அவருடைய மருமகனும் வெளிநாட்டிலிருந்து ஒரு கார் கொண்டுவந்திருக்கிறானாம், அதுவும் மேடு ஏறவில்லையாம். "பார்த்துக் குடுப்பீங்களா அம்மிணி? நம்ம ஆளுக பட்டறை எதுலயாச்சும் விட்டுக்கலாம்" என்றார்.

"பார்க்கறனுங்க" என்றேன். "வண்டியை உக்கடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்க. அங்க வர மாட்டோம்னா டீசல் மாட்டிக்கட்டும்."