எண்ணெய்க் கிணறும் ஒரு காதுகுத்தும்

பூமி சூடாகிறது, அதனால் உலக நாடுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோல், டீசலை விட்டுவிடப் போகின்றன என்று டீவியில் சொன்னார்கள். எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. என் தம்பி வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனியில் வெல்டர். கிணற்றை மூடினால் அவன் செஞ்சிக்கு வந்துதானே ஆகவேண்டும்? அடுத்த நிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது. வந்தால் வேலைக்கு எங்கே போவான்?

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒன்றை நிறுத்தப்போகிறார்கள் என்றால் அது மெல்லக் குறைந்துகொண்டே வரும் என்றுதான் நினைத்தேன். அதை நம்பி மகளின் காதுகுத்தைத் தை மாதத்தில் வைத்தேன். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவது எங்கள் வழக்கம். எனக்கு இருப்பது ஒரே தம்பி. லீவு கிடைத்துவிட்டது என்று அவனும் சொல்லியிருந்தான்.

மார்கழியில் போன் செய்தான். பின்னால் ஏதோ மெஷின் அலறிக்கொண்டிருந்தது.

“அக்கா, லீவ கேன்சல் பண்ணிட்டானுங்க.”

“இன்னாடா சொல்ற? மூடப்போறாங்கன்னு டீவியில சொன்னானே!”

“அதனாலதான்க்கா. இன்னும் கொஞ்ச வருசத்துல இத வாங்க ஆளிருக்காதாம். வெல இருக்கறப்பவே எடுத்து வித்துடணும்னு நிக்கறானுங்க. புதுசா வேற கெணறு தோண்டறாங்க. டபுள் ஷிப்ட்டு.”

“வேணாம்னு சொன்னா ஜாஸ்தியாவா எடுப்பாங்க?”

“உனுக்குப் புரியாது, வுடு.”

அன்றிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. தூக்கமில்லாமல் கேஸுக்குப் பக்கத்தில் நின்று நெருப்பைப் பிடிக்கிறானே, கண் அசந்தால் என்ன ஆகும்? அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன், வாசலிலிருந்து போனைத் தேடி உள்ளே வருவேன்.

அந்த வாரம் சிங்கவரத்து ஏரிக்குச் சோறு எடுத்துப் போனேன். என் வீட்டுக்காரர் கூட்டாளிகளோடு அங்கே மீன் குத்தகை எடுத்திருந்தார். எப்போதும் பெரிய கண்ணி வலை போடுகிறவர், அன்றைக்குச் சின்னக் கண்ணி வலையை இழுத்துக்கொண்டிருந்தார். விரல் நீளக் குஞ்சுகள் துள்ளின.

“இன்னாங்க, குஞ்சக்கூட வுடமாட்டீங்களா?”

“குத்தகை இந்த மாசத்தோட முடியுதுமே. நான் வுட்டா வர்றவன் புடிப்பான். அவனுக்கா வளத்துக் குடுக்கணும்?”

தூக்குச்சட்டியோடு அப்படியே நின்றேன். தம்பி சொன்னது அப்போதுதான் புரிந்தது. அந்தக் கம்பெனிக்காரர்களை நாலு நாளாகத் திட்டிக்கொண்டிருந்தேன். இவரை எப்படித் திட்டுவது? சாயந்திரம் அந்தக் குஞ்சுகளைத்தான் குழம்பு வைத்தேன்.

அதற்குப் பிறகு டீவியில் யாராவது சீக்கிரம் மூடுவோம் என்றாலே, அங்கே இன்னும் வேகமாக எடுப்பார்களே என்று டீவியை அணைத்துவிடுவேன். மூடத்தான் வேண்டும். இங்கே சித்திரையில் பொழுது இறங்கின பிறகும் மலைப்பாறைகள் அனலாக அடிக்கின்றன, எனக்குத் தெரியாதா? ஆனால், எரிப்பவனிடம் குறை என்கிறார்களே, எடுப்பவனிடம் இன்றைக்கு இவ்வளவுதான் என்று யாரும் சொல்லக் காணோமே.

தை வந்தது. “வேற யார் மடியிலயாவது வெச்சிக் குத்திடுக்கா” என்றான் தம்பி. பெரியப்பா மகனை உட்காரவைத்தோம். ஆசாரி கம்பியை எடுத்துக்கொண்டு, “தாய்மாமன் யாரும்மா?” என்று கேட்டார்.

“ஒரிஜினல் துபாய்ப் பக்கம், டூப்ளிகேட்டு நான்தான்” என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதையும் முடித்துவிட்டால் லீவு கேட்க அவனுக்கு என்ன காரணம் மிச்சம் இருக்கும்? மகளை மடியிலிருந்து தூக்கிவிட்டேன். “இன்னிக்கி வேணாம்.”

“காது குத்தறேன்னு கூப்ட்டு எங்களுக்கே காது குத்திட்டியேமா!” என்றான் பெரியப்பா மகன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் பந்தி போடச் சொல்லிவிட்டார்.

சாயந்திரம் தம்பி கூப்பிட்டான்.

“குத்தியாச்சா?”

“இல்ல. எங்கக்கா புள்ளைக்கி இன்னும் காது குத்தல, நான் போனாதான் குத்துவாங்கன்னு உங்க மேனேஜராண்ட சொல்லு.”

மெஷின் சத்தத்துக்கு நடுவே, “சரிக்கா, கேக்கறேன்” என்றான்.