மிராசு வண்டிக்கு வயது குறைத்த ஆறு மாதம்

கார் விற்கிற தொழிலில் மிகவும் கஷ்டமானது, ஊரே மரியாதை வைத்திருக்கிற காரை விற்பது. அப்படிப்பட்ட வண்டியை யாரும் வாங்குவதில்லை. தள்ளி நின்று பார்த்து, முடிந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பக்கத்து ஷோரூமில் போய் வேறு வண்டி புக் பண்ணிவிடுவார்கள்.

கவுன்ட்டரில் நின்று சிரித்துச் சிரித்தே தாடை வலி கண்டவர்களே, நீங்கள் ஜவுளிக்கடையோ நகைக்கடையோ இன்ஷூரன்ஸோ, எதுவானாலும் என் கட்சிதான். எம்.பி.ஏ. கடைசி செமஸ்டரில் பயிற்சிக்காகத் தஞ்சாவூரில் ஒரு வெளிநாட்டுச் சொகுசுக் கார் ஷோரூமில் சேர்ந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். டெல்டா முழுக்க அதற்கு 'மிராசு வண்டி' என்றுதான் பெயர். பல வேலி நிலம் வைத்திருந்த மிராசுதார்கள் ஒரு காலத்தில் கப்பலில் வரவழைத்து ஓட்டிய வண்டி. நிலமெல்லாம் கைமாறிப் பல வருஷம் ஆகிவிட்டது. வண்டியின் பெயர் மட்டும் மாறவில்லை.

நான் சேர்ந்த அன்றே தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. நம் வண்டி கிழவர்களின் வண்டி என்ற பெயரை ஒழிக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் நாற்பது வயதுக்கு உட்பட்ட ஒருவராவது வாங்க வேண்டும். இல்லையென்றால் தஞ்சாவூர் கிளையை மூடித் திருச்சியோடு சேர்த்துவிடுவோம். மேனேஜர் மனோகரன் சாருக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு பெண்கள் கல்லூரியில் படிக்கிறார்கள். சர்க்குலரை இரண்டு தடவை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாழினி, உனக்கு வாய் ஜாஸ்தின்னு இன்டர்வியூலயே தெரிஞ்சுது. அதுக்குத்தாம்மா எடுத்தேன். பேசு."

முதல் வாடிக்கையாளர்

முதல் வாரமே ஒருவர் மனைவியோடு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். என் மனசுக்குள் மேளச்சத்தம். இன்ஜின், ஏர்பேக், முதுகைப் பிடித்துவிடுகிற சீட் என்று இருபது நிமிடம் மூச்சுவிடாமல் பேசினேன். இந்த வண்டி பணக்காரக் கிழவர்களுக்கு மட்டும்தான் என்பது எவ்வளவு பெரிய மூடநம்பிக்கை என்பதைக் காரண காரியத்தோடு நிரூபித்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். மனைவி வண்டியை மூன்று தடவை சுற்றி வந்து, முன்பக்கத்தை முழம் போட்டு அளந்தார். இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் புல்லரித்தது.

நான் பேசி முடித்ததும் அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையாட்டினார். பிறகு கணவர் மிகவும் பணிவாகக் கேட்டார்: "எல்லாம் சரிங்க, தம்பி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு நாளைக்கு என்ன வாடகை? பூ அலங்காரம் நீங்களே பண்ணிடுவீங்களா, நாங்க பாத்துக்கணுமா?"

பெயர் சொல்லி அழைப்பது

அடுத்து, தலைமை அலுவலகத்திலிருந்து வீடியோவில் வகுப்பு நடந்தது. இனிமேல் வாடிக்கையாளரை 'சார்' என்று அழைக்கக் கூடாது; இளைஞர்களுக்கு அது பிடிக்காது; பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார்கள். எனக்குச் சம்மதம்தான். சார் போடுவது அடிமைப் புத்தி என்று காலேஜ் வகுப்பில் ஒரு மணி நேரம் வாதாடியவள் நான். மனோகரன் சார் மட்டும், "இது தஞ்சாவூரும்மா" என்றார். "சமத்துவத்துக்கு ஊர் கிடையாது சார்" என்றேன். சார் போட்டுத்தான் சொன்னேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

அன்று மாலை திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு ரைஸ்மில் முதலாளி வந்தார். வயது முப்பத்தெட்டு, பெயர் ராஜகோபால் என்று போனிலேயே கேட்டு வைத்திருந்தேன். கதவைத் திறந்து, "வாங்க ராஜகோபால், எப்படி இருக்கீங்க?" என்றேன். அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. உட்காரவும் இல்லை, வண்டியைப் பார்க்கவும் இல்லை. நீ எந்த ஊர், யார் வீட்டுப் பொண்ணு, அப்பா என்ன செய்கிறார் என்று வரிசையாக விசாரித்தார். எங்கள் ஊர் அவர் மில்லிலிருந்து நான்கு கிலோமீட்டர். அப்பா நம்பரை வாங்கிக்கொண்டு வெளியே போய்ப் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தார். முகம் தெளிவாக இருந்தது. "பாப்பா, அப்பாகிட்ட பேசிட்டேன். பாங்க் பரிச்சைக்குப் படிக்க வைங்க, இந்த வேலை வேணாம்னு சொல்லியிருக்கேன். வண்டிய அப்புறம் பாத்துக்கலாம்."

மன்னார்குடியில் மரத்தடி

இளைஞர்கள் நம்மிடம் வராவிட்டால் நாம் அவர்களிடம் போவோம் என்று அடுத்த உத்தரவு. கறுப்பு வண்டிகளையெல்லாம் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டு, புதிதாகச் சிவப்பில் ஒன்று அனுப்பியிருந்தார்கள். அதை மன்னார்குடியில் ஒரு கல்லூரி விழாவுக்கு எடுத்துப் போய் மரத்தடியில் நிறுத்தினோம். மொத்தக் கல்லூரியும் வந்து செல்ஃபி எடுத்தது. ஒருத்தி கதவைத் திறந்து உட்கார்ந்து ரீல்ஸ் போட்டாள். ஒருவரும் விலை கேட்கவில்லை.

பொறுக்காமல் நான் மைக்கைப் பிடித்தேன். பழைய பெயர் ஒட்டியிருப்பது வண்டியின் குற்றமா, நம் பார்வையின் குற்றமா? வரலாற்றுப் பாடம் மாதிரி ஆரம்பித்து, பொருளாதாரம் வழியாக வந்து, இளைய தலைமுறையின் கடமையில் கொண்டுபோய் முடித்தேன். நல்ல கைதட்டல். ஒரு மாணவி கையைத் தூக்கினாள். வரலாற்றுத் துறையாம், மூன்றாம் ஆண்டு. "அக்கா, நீங்க பேசினதெல்லாம் சூப்பர். ஆனா எங்க ஊருக்குள்ள இந்த வண்டி வந்துச்சுன்னா ஒண்ணு எலெக்‌ஷன், இல்லேன்னா சாவு. நான் இதுல வீட்டுக்குப் போய் எறங்கினா எங்கம்மா யாருக்கு என்னாச்சுன்னு ஓடி வரும்."

சிவப்பு வண்டி விற்றது

ஆமாம், விற்றது. நம்பிக்கையே போயிருந்த நான்காம் மாதத்தில் கூத்தாநல்லூரிலிருந்து இர்ஃபான் வந்தார். துபாயில் வேலை, முப்பத்தொரு வயது, ஒரு மாத லீவு. சிவப்பைப் பார்த்ததும் கண் விரிந்தது. வெண்ணாற்றுப் பாலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, இதுதான் என்றார். மனோகரன் சார் அன்று இரண்டு காபி குடித்தார்.

அங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. நம் ஊரில் கார் குடும்பத்தின் முடிவு, தனி ஆளின் முடிவல்ல என்பது என் கட்சி. இதற்காக ஒரு பேராசிரியரோடு சண்டையே போட்டிருக்கிறேன். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அத்தாவையும் கூட்டிட்டு வந்து காட்டுங்க" என்றேன். இர்ஃபான், அத்தா வேணாமே என்று இழுத்தார். நான் வற்புறுத்தினேன். மறுநாள் அவர் அப்பா வந்தார். அறுபத்துமூன்று வயது, சட்டைப் பையில் இரண்டு பேனா. வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் அரை மணி நேரம் இறங்கவில்லை. பிறகு கண்ணாடியை மட்டும் கீழே இறக்கி, "ரொம்ப நல்லாயிருக்கும்மா, என் பேர்லயே போட்டுடு. இவன் திரும்பி துபாய்க்குப் போயிடுவான், இவனுக்கு எதுக்கு?" என்றார்.

வண்டி விற்றது. விண்ணப்பத்தில் வாங்குபவர் வயது என்ற கட்டத்தில் அறுபத்துமூன்று. கணக்கில் சேராது என்று தலைமை அலுவலகம் ஒரே வரியில் பதில் போட்டது. இர்ஃபான் வாசலில் தன் பழைய பைக்கை உதைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன், அத்தாவ கூப்பிட வேணாம்னு. நீங்க எந்தக் காலேஜ்லங்க படிச்சீங்க?"

பின்கட்டில் ஒரு தகராறு

கெடு முடிய மூன்று வாரம் இருந்தது. மனோகரன் சார் திருச்சியில் வீட்டு வாடகை விசாரிக்க ஆரம்பித்திருந்தார். ஆனால் திருச்சியில் அவருக்கு வேலை உண்டு என்று யாரும் சொல்லவில்லை. அப்போதுதான் டாக்டர் செல்வி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மன்னார்குடியில் குழந்தை மருத்துவர், வயது முப்பத்துநான்கு. புதிதாக வந்திருந்த இன்னொரு சிவப்பு வண்டியைத் தாண்டி நேரே பின்கட்டுக்கு நடந்து, தூசி படிந்து நின்ற கறுப்பு வண்டியின் கதவைத் தொட்டார். "இது. பின்னாடி ஜன்னலுக்கு இழுத்து விடற திரை இருக்குமே, அதுவும் வேணும்."

சந்தோஷப்பட்டுப் பேசாமல் இருந்திருக்க வேண்டும். என்னால் முடிகிறதா? "மேடம், இது மிராசு வண்டிங்க" என்றேன். "தெரியும். எங்கப்பா ஒரு பண்ணையில வேலை பாத்தவர். அந்த வீட்டுல இதுதான் நின்னுச்சு. கழுவறதுக்குக்கூட அப்பாவைத் தொட விட்டதில்ல." எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. நம்மை ஒதுக்கிவைத்தவர்களின் அடையாளத்தை நாமே ஏன் காசு கொடுத்துச் சுமக்க வேண்டும், உடைத்து எறிய வேண்டாமா, சிவப்பு எடுங்கள், சிவப்புதான் நம் நிறம் என்று ஒரு பாட்டம் பேசினேன். மனோகரன் சார் அவருக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளையும் கூப்பி என்னிடம் கெஞ்சினார். டாக்டர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார், காய்ச்சல் குழந்தையின் அழுகையைக் கேட்கிற மாதிரி. "பேசி முடிச்சாச்சா? இப்ப சொல்லுங்க, நீங்க விக்கறவங்களா, வேணாங்கறவங்களா?"

சோதனை ஓட்டம்

அப்பாவுக்குப் பிடித்தால்தான் வாங்குவேன் என்றுவிட்டார் டாக்டர். கூத்தாநல்லூர் அனுபவத்துக்குப் பிறகு அப்பா என்ற சொல்லே எனக்கு ஆகாமல் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊருக்கே வண்டியைக் கொண்டு போனோம். டாக்டரின் அப்பா மாரிமுத்து ஐயா இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராக நின்றார். டாக்டர் ஓட்ட, நான் பக்கத்தில், ஐயா பின்சீட்டில். ஏறினதும் முதல் வேலையாகத் திரையைத் தள்ளிவிட்டார். "மூடி வச்சா ரோடு எப்படித் தெரியும்?" திரையும் வேணும் என்று கேட்டிருந்த டாக்டர் என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

சம்பா நடவு முடிந்து இருபுறமும் பச்சை. பழைய பண்ணை வீட்டுக்குத் திரும்புகிற ஒற்றை ரோட்டில், பக்கத்திலேயே வாய்க்கால் ஓடியது. ஐயா சும்மா தகவல் சொல்கிற குரலில் சொன்னார்: "இந்த எடத்துலதாம்மா ஹாரன் சத்தம் கேக்கும். கேட்டதும் தோள்ல கெடக்கற துண்டு இடுப்புக்கு வந்துரும். எல்லாரும் வாய்க்கால்ல எறங்கி நிப்போம். தண்ணி இருந்தாலும் எறங்கித்தான் நிக்கணும்." நான் ஜன்னலை இறக்கி அந்த வாய்க்காலைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து, முன்னால் ஒரு அம்மா மொபெட்டில் பெரிய புல்லுக்கட்டோடு நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். டாக்டர் ஹாரன் அடித்தார். நகரவில்லை. மறுபடி அடித்தார். அந்த அம்மா வண்டியை நிறுத்தாமலே திரும்பி, "அடிச்சுக்கிட்டே இருந்தா? ஒனக்காக நான் என்ன வாய்க்கால்லயா எறங்குவேன்? மதகு வரட்டும், அங்க ஒதுங்கறேன், பொறுத்து வா!" என்று கத்திவிட்டு அதே வேகத்தில் போனார். மதகு வரும்வரை நாங்கள் அந்தப் புல்லுக்கட்டுக்குப் பின்னால் ஊர்ந்தோம். பின்சீட்டில் ஐயாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, இருமலே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் தோளைத் தட்டினார். "கேட்டியா செல்வி? எறங்க மாட்டாளாம்! சரி, இதையே எடுத்துரு."

போட்டோ

இளம் வாடிக்கையாளர் வண்டியோடு நிற்கிற போட்டோ இல்லாமல் தலைமை அலுவலகம் எதையும் நம்பாது. டெலிவரி அன்று அனுப்பினோம். கறுப்பு வண்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், பானெட்டில் சந்தனம், பின்சீட்டில் வெள்ளை வேட்டியில் ஐயா, கதவோரம் மனோகரன் சார், ஒரு ஓரத்தில் ஆஸ்பத்திரிக்கு அவசரமாகக் கிளம்புகிற டாக்டர். எந்தப் பெயரை ஒழிக்கச் சொன்னார்களோ, அந்தப் பெயருக்கே எடுத்த விளம்பரம் மாதிரி இருந்தது. அரை மணி நேரத்தில் சென்னையிலிருந்து ஒரு அதிகாரி போனில் வந்தார். பெரியவரைப் படத்திலிருந்து வெட்டிவிட்டு, டாக்டரைச் சிவப்பு வண்டி பக்கத்தில் நிறுத்தி வேறு படம் அனுப்புங்கள், அப்போதுதான் கணக்கில் சேர்ப்போம் என்றார்.

நான் வாதாடினேன். எவ்வளவு வாதாடினேன் என்றால், அவர் போனை மேஜையில் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்திருப்பார். ஒன்றும் நகரவில்லை. அப்போது மனோகரன் சார் என் கையிலிருந்து போனை வாங்கினார். 'எஸ் சார்' தவிர வேறு எதையும் அவர் சென்னையிடம் சொல்லி நான் கேட்டதில்லை. கிளை இன்னும் ஒரு வருடம் நடக்கட்டும், பயிற்சிப் பெண்ணையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு நாள் கழித்து மெயில் வந்ததற்குக் காரணம் அவர் அன்று, குரலை உயர்த்தாமல், ஒரே தடவை சொன்ன இந்த வார்த்தைதான்: "சார், வாங்கினவங்களுக்கு முப்பத்துநாலு வயசு. பின்னாடி உக்காந்திருக்கறவர் வயசை உங்க சர்க்குலர் கேக்கல. அவரை வெட்டணும்னா என்னையும் சேத்து வெட்டிடுங்க, நான் அவர் பக்கத்துலதான் நிக்கறேன்."

ஆக, அந்தப் பழைய பெயரை ஊர் மறக்கச் செய்வதற்காகச் சம்பளம் வாங்குகிற நான், அதை மறக்காத மாரிமுத்து ஐயா தயவில்தான் இன்னமும் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.