மதகடியில் கழற்றிய ஹெல்மட்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். அது மரியாதைக்குச் சொன்னது. உண்மையில் என் கோபம் கையில் இருந்தது. பள்ளிக்கூட நாட்களிலேயே வாய் திறக்க முதல் கை போய்விடும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிறகு வருவதைப் படித்துவிட்டு, பாவம், நல்ல மனிதன், ஏதோ அந்த நேரத்தில் தடுமாறிவிட்டான் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

நானும் தங்கச்சியின் கணவனும் சீனன்குடாவில் ஒரே இடத்தில் வேலை செய்தோம். பாதுகாப்பு வலயத்துக்குள் இரும்புக் குழாய்களில் துருச் சுரண்டிப் பெயின்ற் அடிக்கிற ஒப்பந்த வேலை. மச்சானுக்கும் எனக்கும் ஒரே வயது. ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள். காலை ஆறரைக்கு நகரத்திலிருந்து புறப்பட்டால் ஏழுக்கு முன் வாசலில் நிற்கலாம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அந்த ஓட்டம் லேசுப்பட்டதல்ல. காற்று மண்ணை அள்ளி நெஞ்சில் அடிக்கும். அதனால் ஜக்கெற்றை முன்பின்னாக மாற்றி, முதுகுப் பக்கம் நெஞ்சுக்கு வரும்படி போட்டுக்கொள்வோம். முகத்துக்கு ஒரு துணி, கைக்கு விரல் நுனி வெட்டிய கையுறை, எல்லாவற்றுக்கும் மேலே ஹெல்மட்.

ஹெல்மட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர். மற்றவர்கள் பொலிசுக்குக் காட்டுவதற்காகச் சட்டி போல ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வர, நான் முழு முகத்தையும் நாடி வரை மூடுகிற பாரமான ஒன்றைக் கொழும்பில் சொல்லி எடுப்பித்தேன். மச்சான் அதைக் கையில் தூக்கிப் பார்த்தான்.

"உன்ர தலைக்குள்ள அப்பிடி என்ன இருக்கெண்டு இவ்வளவு பெரிய மூடி வாங்கினனீ?" என்றான்.

ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். பிறகு அவனுக்கு மகள் பிறந்தாள். அடுத்த மாதமே அதே மாதிரி ஒன்றைத் தானும் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அப்போது நான் சிரித்தேன்.

வேலைத்தல வாசலில் ஒரு சட்டம். காவலுக்கு நிற்பவர்களுக்கு முகம் தெரிய வேண்டும். ஹெல்மட்டோடு வாசலுக்குப் போகிறவனை ஓரமாக நிறுத்தி, இறங்கச் சொல்லி, அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் உள்ளே போன பிறகுதான் விடுவார்கள். ஏழு மணி தாண்டினால் அரை நாள் போச்சு. ஆகவே நாங்கள் எங்களுக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வாசலுக்கு நூறு மீற்றருக்கு முன்னால் ஒரு மதகு இருக்கிறது. சந்தியிலேயே நாடிப் பட்டியை அவிழ்த்துவிடுவோம். மதகு வந்ததும், வண்டி ஓட ஓடவே இடது கையால் ஹெல்மட்டைக் கழற்றி முழங்கையில் கொழுவிக்கொண்டு வெறுந்தலையோடு வாசலுக்குப் போவோம். ஒவ்வொரு காலையும் முப்பது நாற்பது பேர் அதைச் செய்தார்கள். அதைப் பிழை என்று ஒருவரும் நினைத்ததில்லை. மச்சான் வேலைக்குச் சேர்ந்த முதற்கிழமையில் அதை அவனுக்குக் காட்டிக் கொடுத்தவன் நான்தான்.

ஆனால் அப்போது அவனிடம் இருந்தது சட்டி. சட்டியைத் தொப்பி எடுப்பது போல எடுத்துவிடலாம். முழு ஹெல்மட் முகத்தின் மேலால் ஏறி வர வேண்டும். ஒரு கணம் கண் மூடுபடும். நான் அந்தக் கணத்துக்கு வேகத்தைக் குறைத்து, வண்டியைக் கரையோரம் எடுத்துப் பழகியிருந்தேன். புது ஹெல்மட்டோடு வந்தவனுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சிரிக்கத்தான் தோன்றியது.

வாங்கிய மூன்றாம் நாள் காலை. அவன் முன்னால், நான் ஒரு பத்து மீற்றர் பின்னால். என்னுடையதைக் கொஞ்சம் முன்னமே கழற்றி முழங்கையில் கொழுவிவிட்டேன். மதகடியில் அவன் இடது கையை நாடிக்குக் கீழே கொடுத்து ஹெல்மட்டை இழுத்தான். அது காதில் சிக்கியது. திரும்பவும் இழுத்தான். அந்த நேரம் பார்த்துக் கச்சான் பக்கவாட்டில் ஒரு தள்ளுத் தள்ளியது. ஒற்றைக் கையில் ஓடிய வண்டி வலது பக்கம் சாய்ந்து வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. எதிரே கிண்ணியாப் பக்கமிருந்து ஒரு சின்ன மீன் லொறி தன் பக்கத்தில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஹெல்மட் கழன்று அவனுக்குக் கண் தெரிந்தபோது லொறி முகத்துக்கு நேரே வந்துவிட்டது. லொறியின் வலது மூலையில் அடிபட்டுத் தூக்கி எறியப்பட்டான். தலை தாரில் விழுந்தது. ஹெல்மட் ஒரு கீறல்கூட இல்லாமல் கையிலேயே இருந்தது.

எல்லாவற்றையும் நான் கண்ணால் பார்த்தேன். யாரில் பிழை என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

லொறிச் சாரதி பிரேக் அடித்து நிறுத்திவிட்டுக் குதித்தார். ஐம்பது வயதிருக்கும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மச்சான் கிடந்த பக்கம் ஓடினார். அவர் அவனிடம் ஓடுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் தப்பி ஓடுகிறார் என்று நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. வண்டியை விழ விட்டுவிட்டு, முழங்கையில் கொழுவியிருந்த என் ஹெல்மட்டைக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்கே போனேன். முதல் அடி முதுகில் விழுந்தது. அவர் திரும்பினார். இரண்டாவது அடியைத் தலைக்கு ஓங்கினேன். அவர் இடது கையைத் தூக்கி மறைத்தார். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த விறகு முறிகிற சத்தம்தான் அது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குள் ஏதோ குளிர்ந்தது என்று சொன்னால் நம்ப வேண்டும். சந்தோசம் என்றே சொல்லலாம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அதற்குள் பின்னால் வந்த பைக்குகள் நின்றன. எல்லாருடைய முழங்கையிலும் ஒரு ஹெல்மட். யார் பிழை, எவர் பிழை என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். விழுந்தவனைப் பார்க்க முதல் இடித்தவனுக்கு அடி விழ வேண்டும். அடிக்காமல் நிற்கிறவனுக்கு விழுந்தவனில் பாசமில்லை என்று அர்த்தம். ஒருவன் உதைத்தான். ஒருவன் லொறியின் பக்கக் கண்ணாடியை அடித்து நொறுக்கினான். இன்னொருவன் அறிவாளி. சாரதி தப்பிவிடக் கூடாதென்று லொறியை ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பைப் பிடுங்கி ரோட்டோர முட்பற்றைக்குள் எறிந்தான். அவர் மண்ணில் சுருண்டு கிடந்து, "தம்பி, அந்தப் புள்ளயப் பாருங்க, அந்தப் புள்ளயப் பாருங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. நானும் அவரை மிதித்தேன்.

வாசலில் நின்ற காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்த பிறகுதான் கூட்டம் விலகியது. அப்போதுதான் நான் மச்சானிடம் போனேன். கண் திறந்திருந்தது. கதை பேச்சு இல்லை. காதால் ரத்தம் வந்து கழுத்தடியில் தேங்கியிருந்தது. மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது. அம்புலன்சுக்குப் போன் அடித்தோம். வேறிடத்துக்குப் போயிருக்கிறது, வர அரை மணித்தியாலம் ஆகும் என்றார்கள். அந்த நேரத்தில் அந்த ரோட்டில் ஒரு முச்சக்கர வண்டிகூட இல்லை. வாசலில் நின்றவர்கள் காவலை விட்டு வர ஏலாது என்றார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரே வாகனம் அந்த லொறி. எங்களில் ஒருவனுக்கும் லொறி ஓட்டத் தெரியாது. எல்லாரும் மோட்டார் சைக்கிள் வீரர்கள்.

நாங்கள் பன்னிரண்டு பேர் முழங்காலில் நின்று பற்றைக்குள் திறப்பைத் தேடினோம். எறிந்தவன் ஒவ்வொரு பக்கமாகக் கையைக் காட்டினான். நான் அவன் கன்னத்தில் அறைந்தேன். அறைந்தால் திறப்பு வந்துவிடுமா? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு மட்டுக்கூட இருக்கவில்லை. முள்ளில் கை கிழிந்தது. எவ்வளவு நேரம் தேடினோம் என்று தெரியாது. கடைசியில் அது ஒரு பொலித்தீன் பைக்குக் கீழே கிடந்தது.

சாரதி தானாகவே எழுந்து லொறியில் சாய்ந்து நின்றார். மூக்கிலிருந்து ரத்தம் சாரத்தில் சொட்டியது. இடது கை தொங்கியது.

"ஏத்துங்க," என்றார். "நான் ஓட்டுறன். எனக்கு இந்தக் கையால கியர் போட ஏலா. ஒருத்தர் பக்கத்துல ஏறுங்க."

யாரும் அசையவில்லை. நான் ஏறினேன்.

மச்சானை மீன் பெட்டிகளுக்கு நடுவில், உருகிய ஐஸ் தண்ணீரில் கிடத்தி இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவர் காலால் கிளச்சை மிதித்து, "ரெண்டு" என்பார். நான் கியர்த் தடியைக் கீழே இழுப்பேன். "மூணு" என்பார். மேலே தள்ளுவேன். எனக்குக் காலால் கியர் போட்டுத்தான் பழக்கம். பல்லும் பல்லும் அரைபடும். முறிந்த கையை மடியில் வைத்திருந்தார். அது எங்கள் கண் முன்னாலேயே வீங்கியது. பள்ளத்தில் விழும் ஒவ்வொரு தரமும் "யா அல்லாஹ்" என்பார், அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஒரேயொரு தூஷணம் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

ரயில் கடவையில் மெதுவாக ஏற வேண்டும். "ஒண்ணுக்குப் போடுங்க" என்றார். நான் பதற்றத்தில் மூன்றில் தள்ளிவிட்டேன். லொறி இருமிவிட்டு நின்றது. பின்னால் இருந்தவர்கள் தகரத்தில் அடித்துக் கத்தினார்கள். அவர் திரும்ப ஸ்டார்ட் செய்தார். நான் திரும்பவும் பிழையாகப் போட்டேன். மூன்றாம் தரம் அவர் என் முகத்தைப் பார்த்து, "தம்பி, மூச்ச விடுங்க. உங்கட பக்கம், மேல," என்றார். அப்போதுதான் கியர் விழுந்தது.

மச்சான் பெரியாஸ்பத்திரி வாசலைக் காணும்போது உயிரோடு இருந்தான். பத்து மணிக்கு முன் முடிந்துவிட்டது.

நான் பொலிசில், மச்சான்தான் பக்கம் மாறி வந்தான், சாரதியில் பிழை இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. கை எப்படி முறிந்தது என்று அவரைக் கேட்டபோது, கூட்டம் அடித்தது, ஆள் தெரியாது என்றார். நான் அங்கேதான் நின்றேன். அதைக் கேட்டும் வாய் திறக்கவில்லை. அது மன்னிப்பு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது பயம். நாளைக்கும் அவர் அந்த ரோட்டால்தானே மீன் கொண்டு வர வேண்டும்.

செத்தவீட்டில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். பந்தலுக்குள் வந்தவர்கள் என் தோளைத் தட்டினார்கள். "நல்லாக் குடுத்தியாமே," என்றார் ஒருவர். "கை முறிய அடிச்சவனாம். மச்சான் எண்டா இப்பிடி இருக்கவேணும்," என்று இன்னொருவர் எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். சவக்காலைக்குப் பெட்டியைத் தூக்கும்போது முன்பக்கம் எனக்கு விட்டார்கள். நானும் பிடித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

எட்டாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு தங்கச்சி எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு எதிரே கதிரையில் இருந்தாள். மகள் மடியில் நித்திரை.

"அண்ணா, நீங்கள் அந்த லொறிக்காரனைச் சும்மா விடேல்லயாம்," என்றாள். "எல்லாரும் சொல்லிச்சினம். எனக்கு அது ஒண்டுதான் ஆறுதல்."

தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்திருக்கலாம். எட்டு நாளாக அதைத்தான் செய்தேன். ஆனால் அவளுடைய முகத்தில் உண்மையாகவே அந்த ஆறுதல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாமல் போயிற்று.

"அந்தாளில பிழை இல்லை," என்றேன். "அந்தாள் உன்ர மனிசனிட்டத்தான் ஓடினது. நான் முறிச்ச கைதான் அந்தாளுக்குக் கியர் போடுற கை. அதாலதான் சுணங்கினது."

அவள் பிள்ளையின் தலையை ஒருக்கால் தடவினாள்.

"எவ்வளவு நேரம் அடிச்சனீங்கள்?"

மேலே அந்த அடியை எழுதும்போது நான் ஒன்றை விட்டுவிட்டேன். பொலிசிலும் அதைச் சொல்லவில்லை. கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதும் சொல்லவில்லை. அவளுக்குச் சொன்னேன்.

"அவன் என்னைக் கூப்பிட்டவன். 'மச்சான்' எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டவன். எனக்குக் கேட்டது. கேட்ட பிறகும் அடிச்சனான்."

தங்கச்சி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். என் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள். நான் பாதிதான் குடித்திருந்தேன்.