அத்தானின் கடைசி அத்தியாயம்

ஜங்ஷன் லாட்ஜ் அறையில், கட்டிலின் ஓரத்தில் அத்தான் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்திருந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எதிரே, அவர் எழுதிய தொடர்கதையைப் படமாக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த டைரக்டர். "சார், குழந்தை திரும்பி வரலைன்னா தியேட்டர்ல ஒருத்தர் உக்கார மாட்டாங்க" என்றார் அவர். அத்தான் தரையைப் பார்த்தபடி, "அவ வரமாட்டா சார்" என்றார். பேச்சு என்னவோ கதையைப் பற்றித்தான். கூடப் போயிருந்த நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். அரசு அலுவலகத்தில் கிளார்க். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆறு பெருகி ஓடிய ஓர் ஐப்பசியில், அவர்களுடைய ஒரே மகளைக் குறுக்குத்துறைப் படியிலிருந்து தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிற்று. ஏழு வயது. சீவலப்பேரி வரைக்கும் தேடினோம், உடம்பு கிடைக்கவில்லை. கிடைக்காததாலேயே அக்கா நம்பிக்கொண்டிருந்தாள். வாசல் கதவைப் பகலில் சாத்த விடமாட்டாள். காரியம் செய்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னபோது, "எம்பிள்ளைக்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அத்தான் எழுத உட்கார்ந்தார். ஆற்றுக்கு அடியில் ஒரு நகரம்; அங்கே தெருவிளக்குகளாக மீன்கள் நிற்கும். அந்த நகரத்துக்குப் போய்விட்ட மகளைத் தேடி ஒரு தகப்பன் இறங்குகிறான். கடைசி அத்தியாயத்தில் அவளைக் கண்டுபிடித்தும் விடுகிறான். ஆனால் அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவன் தனியாகக் கரையேறுகிறான். ஒரு வாரப் பத்திரிகையில் இது தொடராக வந்தபோது ஊரே மாயக்கதையென்று ரசித்தது. அக்கா மட்டும் படிக்கவில்லை.

லாட்ஜிலிருந்து திரும்பியதும் வீட்டில் என்னிடம் மறுபடி அதே வாதம். "அவ வரலைங்கதுதான் கதை. அத மாத்திட்டா நான் எழுதினதுக்கு அர்த்தமே இல்ல" என்றார் அத்தான். அடுக்களையிலிருந்து வந்த அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "புஸ்தகத்துல உங்க இஷ்டப்படி அவள முக்கிட்டீங்க. சினிமாவுலயாவது எம்பிள்ள கரையேறட்டுமே."  மறுநாள் அத்தான் லாட்ஜுக்குப் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தார்.

படம் வந்ததும் மூவரும் மேட்னிக்குப் போனோம். கடைசிக் காட்சியில் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிறுமி ஈரப் பாவாடையோடு படியேறி வந்தாள். காத்திருந்த தாய் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். தியேட்டரே கைதட்டியது. அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதது அத்தான்தான், வாயைத் துண்டால் அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "அந்தப் பிள்ள வேற யாரோ ஒருத்திய அம்மான்னு கட்டிக்கிடுது" என்றாள். பிறகு, "இனிமே அவளுக்குச் செய்ய வேண்டியத செஞ்சிருங்க" என்றாள். எத்தனையோ பேர் சொல்லியும் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது.

அத்தானால்தான் முடியவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். சாயங்காலம் அலுவலகம் விட்டு வீட்டுக்கு வராமல் தியேட்டருக்குப் போனார். பாதிப் படத்துக்குமேல் டிக்கெட் கிடையாது என்பதால் வாசல்காரரிடம் கெஞ்சி, கடைசிக் காட்சிக்கு மட்டும் உள்ளே போய் ஓரமாக நிற்பாராம். இந்த முடிவு வேண்டாம் என்று அத்தனை பாடுபட்ட மனிதர்.

படம் அதிக நாள் ஓடவில்லை. ஒரு மாலை அவரைத் தேடிப் போனேன். சுவரில் வேறு படத்தின் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தான் வாசல்காரரிடம், "படப் பொட்டி எங்கன போயிருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "தென்காசிக்கு அண்ணாச்சி" என்றார் அவர். "வீட்டுக்கு வாங்க அத்தான், அக்கா தேடுதா" என்று கையைப் பிடித்தேன். "நீ போ. பாத்துட்டு வந்திருதேன்" என்று பைய விலக்கிக்கொண்டார்.

ரோட்டைக் கடந்துபோய்த் தென்காசி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார்.