நெஞ்சில் தட்டிய கும்மி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி மாதம். மதுரை செல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன், முழங்கால் வலிதான் கூடியிருக்கிறது.

ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, சினிமாப் பாட்டு வேண்டாம், நம் மண்ணின் கலையாக ஏதாவது செய்யுங்கள் என்று தலைமையாசிரியை என் தலையில் கட்டிவிட்டார். திருத்த வேண்டிய பரீட்சைத் தாள் ஒரு கட்டு, வீட்டில் மாமியாருக்குக் காலில் மாவுக்கட்டு. சரி, தொலையட்டும் என்று 'கும்மி' என எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். சின்ன வயதில் கோலாட்டம் ஆடியிருக்கிறேன். கும்மியை வேடிக்கை பார்த்ததோடு சரி.

வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோ கைகொடுத்தது. பெண்கள் வட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து, கையில் இரண்டு தட்டு, நெஞ்சில் இரண்டு தட்டு. பாட்டு இழுவையாக இருந்தது, ஒரு வார்த்தையும் புரியவில்லை. 'கிராமத்துக் கும்மி' என்று மேலே எழுதியிருந்ததால் நான் யோசிக்கவே இல்லை. பன்னிரண்டு பிள்ளைகளை ஹாலில் நிறுத்திப் பழக்க ஆரம்பித்தேன். பக்கத்துச் சந்துத் தறிச் சத்தத்தோடு போட்டி போட்டுக் கத்தி, மூன்றாம் நாளே தொண்டை கட்டிவிட்டது.

எங்கள் பள்ளியில் ஓர் ஆயாம்மா இருந்தார். திருவாதவூர்ப் பக்கம் ஊர். அந்த மாசிக்கு முந்தின ஆடியில்தான் கணவர் இறந்திருந்தார். நாங்கள் ஆடும் நேரத்தில் ஹாலைக் கூட்ட வருவார், பாதியில் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஆறாம் நாள் பிள்ளைகள் காலெல்லாம் தூசி. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு ஹாலை முழுசாக் கூட்ட முடியாதா, ஆயாம்மா?"

அவர் மிச்சத்தையும் கூட்டி முடித்தார். பிள்ளைகள் எல்லாம் போனபிறகு பக்கத்தில் வந்தார்.

"தப்பா நெனைக்காதீக டீச்சர். இது கும்மி இல்ல. கை நெஞ்சுக்குப் போனா அது மாரடிக்கிறது. எழவு வீட்டுல பொம்பளைக சுத்தி நின்னு அடிக்கிறது. எங்க வீட்டு வாசல்லயும் அடிச்சாக."

அட கடவுளே, ஆறு நாளாக அந்த மனுஷி கண் முன்னால் என்ன காரியம் செய்திருக்கிறேன்!

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"நீங்களே அம்புட்டு அலுத்துப்போயி நிக்கிறீக. பிள்ளைக வேற சிரிச்சுக்கிட்டே ஆடுதுக. எப்புடிச் சொல்றது?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவர்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாளிலிருந்து முளைப்பாரிக் கும்மியை அவரே சொல்லிக் கொடுத்தார். "நடுவுல முளைய வைக்காம எதச் சுத்துறது? முளை செழிச்சா வெள்ளாமை செழிக்கும். அந்தச் சந்தோசத்துல அடிக்கிற அடி டீச்சர் இது" என்றார். சத்துணவுக் கூடத்துப் பாசிப்பயறை ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு வைத்தோம். விழாவுக்குள் விரல் உயரம் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் ஜன்னலோரம் நின்றபடியே சொல்லிக் கொடுத்தார். வட்டத்துக்குள் வரவே இல்லை. புருஷன் செத்து வருஷம் திரும்பாதவர், கூப்பிட்டால் சங்கடப்படுவார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

விழாவில் பிள்ளைகள் நன்றாகவே ஆடினார்கள். கடைசியில் போட வேண்டிய குலவைதான் சிரிப்பாகப் போய்விட்டது. ஒரு நாக்கும் சுழலவில்லை. ஆயாம்மா வாசல் பக்கம் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தார்.

நாற்காலிகளை அடுக்கும்போது அவரிடம், "குலவைக்குத்தான் ஆள் இல்லாமப் போச்சு" என்றேன்.

"நான் போட்டிருப்பேனே டீச்சர். எங்க ஊர்லதான் இந்த வருசம் கும்மியில நிக்கக் கூடாதும்பாக. இங்கயாவது பிள்ளைகளோட ஒரு சுத்து வரலாம்னு தெனமும் ஆசையாத்தான் நின்னேன்" என்றவர், நாற்காலியைத் துடைத்துக்கொண்டே, "நீங்க கூப்புடல" என்றார்.

அடுத்த வருஷம் முதல் ஆளாகக் கூப்பிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்குள் அவர் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். மாரடிப்பதைக் கும்மி என்று நினைத்தது தெரியாமல் செய்த தப்பு, அதை அவரே மன்னித்துவிட்டார். எல்லாம் தெரிந்தவள் மாதிரி அவரை ஜன்னலோரமே நிற்க வைத்தேனே, அதற்குத்தான் இன்றைக்கும் யாராவது கும்மி அடித்தால் என் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது.